மூச்சுவிடாமல் பாடியவள்

“வாத்தியத்தை எல்லாம் எடுத்துட்டு, உங்க குரலை மட்டும் தனியாக் கேக்குறீங்களா மேடம்?” என்று கேட்டாள் சவுண்ட் இன்ஜினீயர்.

“அதுக்குத்தானே வந்திருக்கேன்,” என்ற பாடகி, நாற்காலியை ஸ்பீக்கருக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முப்பது வருடங்களுக்கு முன் அவளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த முதல் தனி ஆல்பம். அதைத் தூசி தட்டி, மெருகேற்றி, மறுபடி வெளியிடப் போகிறார்கள். விழா மேடைக்கு அவளுடைய அக்காவையும் அழைக்கலாமா என்று கேசட் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில் எப்போதோ தயார். வரும் வழியில் காரில் கணவர் மெல்ல அந்தப் பேச்சை எடுத்தபோதும், “அக்கா வந்தா நான் வரல,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவும் அவளும் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஜோடியாகப் பாடியவர்கள். குரலும் ஒரே அச்சு. போனில் பேசினால் பெற்ற அம்மாவே எவள் என்று தடுமாறுவாள். இவளுக்கு மட்டும் தனியாகப் பாட வாய்ப்பு வந்த அன்று, இசையமைப்பாளர் முன்னாலேயே அக்கா சொல்லிவிட்டாள்: “குட்டிக்கு இன்னும் மூச்சு நிக்கல சார். ஒரு வருஷம் போகட்டுமே.”

அன்று அறுந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை.

ஆல்பம் வந்ததும் ஊரே பேசியது அவளுடைய மூச்சைப் பற்றித்தான். அத்தனை நீள வரிகளை இந்தப் பெண் எங்கேதான் மூச்சு வாங்கிப் பாடினாள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அக்காவுக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

“எங்க ஹாஸ்டல்ல போட்டியே வைப்போம் மேடம்,” என்றாள் இன்ஜினீயர். முதல் பாட்டின் பல்லவியை ஒரே மூச்சில் பாடுகிறவளுக்கு மற்றவர்கள் ஒரு வாரம் துணி துவைத்துப் போட வேண்டுமாம். “கடைசி வரைக்கும் அவங்கவங்க துணியை அவங்கவங்கதான் துவைச்சோம்.”

கணவர் சிரித்தார். “வீட்டுலயும் அப்படித்தாம்மா. ஆரம்பிச்சா மூச்சே விட மாட்டா. நான் எந்த இடத்துல பேசுறதுன்னு இன்னும் தேடிட்டிருக்கேன்.”

“சும்மா இருங்க,” என்று அவர் கையில் தட்டினாள்.

முதலில் முழுப் பாட்டும் ஒலித்தது. பாடகிக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைய ஸ்டுடியோ கண்முன் வந்தது: கம்பளி தொங்கவிட்ட சுவர்கள். சத்தம் விழுமென்று நிறுத்திய ஃபேன். வியர்வை வழிய அசையாமல் உட்கார்ந்திருந்த வயலின்காரர்கள். ஒருவர் இருமினால் போதும், எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அவர்கள் வாசித்து முடித்த பிறகு இன்னொரு நாள் அவள் போய்ப் பாடுவாள். பாடிவிட்டுக் கிளம்பிவிடுவாள். மிச்ச வேலைகள் நடந்ததெல்லாம் கேசட்டைக் கேட்டபோதுதான் தெரியும்.

இத்தனை சின்ன வயதில் இவ்வளவு பெரிய குரலா நமக்கு என்று, யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோல வாய் மூடாமல் கேட்டாள்.

பாடும்போது திணறியது அவளுக்கு லேசாக நினைவிருந்தது. கேசட்டில் அது கேட்காததால், எக்கோ மிஷின்தான் குரலை இழுத்து ஒட்டியிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஊர் புகழப் புகழ, அது தன் மூச்சேதான் என்று அவளும் நம்பிவிட்டாள்.

“இப்போ குரல் மட்டும்,” என்றாள் இன்ஜினீயர். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

குரல் எழுந்தது. வரி உயர்ந்து, இன்னும் உயர்ந்து, உச்சியில் சட்டென்று நின்றது. மூச்சை இழுக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு மறுபடி பாட்டு. அடுத்த வரியிலும் அதே ஓட்டை.

பாடகிக்கு முகம் வெளுத்தது. “டேப் கெட்டுப்போச்சா?”

“டேப் நல்லாத்தான் இருக்கு மேடம். பக்கத்துலயே இன்னொரு டிராக்ல ஒரு குரல் இருக்கு.”

அதைத் தனியாக ஓடவிட்டாள். நீண்ட மௌனம். பிறகு, சரியாக அந்த ஓட்டை விழுந்த இடத்தில், ஒரு குரல் பூப்போல எழுந்து, ஒரு மூச்சு நேரம் வரியைத் தாங்கிப் பிடித்து, சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. மறுபடி மௌனம். மறுபடி அதே குரல். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டபோது தையல் எங்கே என்றே தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் அப்படித்தான்.

“ரெண்டும் நீதானே?” என்றார் கணவர்.

பாடகியின் பார்வை ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை.

“நானும் மேடமே ரெண்டு தடவை பாடியிருக்காங்கன்னுதான் நினைச்சேன் சார்,” என்றாள் இன்ஜினீயர். “ஆனா இந்த டிராக்ல, கடைசிப் பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் பேச்சும் பதிஞ்சிருக்கு.”

பொத்தானை அழுத்தினாள். முதலில் வந்தது, இப்போது உயிரோடு இல்லாத அந்த இசையமைப்பாளரின் குரல்: “இவ்வளவு பாடியிருக்கே, உன் பேரையும் போட்டுடலாமேம்மா.”

“வேண்டாம் சார், குட்டிக்குத் தெரியவே கூடாது,” என்று அவசரமாக மறுத்தது அக்காவின் குரல். “அவ தனியாப் பாடினதாவே இருக்கட்டும்.”