உள்நாட்டுத் தயாரிப்பு

புது ஃபில்டரின் உறையை வெட்ட நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் அவர், "கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் கத்தரிக்கோலை மறுபடியும் தட்டில் வைத்தாள்.

கட்டிலில் அவருடைய மனைவி. முகம் ஊதி, கண்கள் கோடாகியிருந்தன. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு டயாலிசிஸ் இயந்திரம்தான் அவளுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்கு உயிர் அந்த ஃபில்டர். அது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் வந்தது, பொருளாதாரத் தடை வந்தது, கப்பல் வரவில்லை.

மருந்துக்குத் தடை இல்லை என்றுதான் சொன்னார்கள். மருந்தை ஏற்றிவரும் கப்பலுக்கு இருந்தது.

பழைய ஃபில்டர்களையே கழுவிக் கழுவி ஓட்டினார்கள். அவையும் கிழிந்தன. வார்டில் இருந்த எல்லோருடைய காலும் வீங்கத் தொடங்கியது.

இன்று காலைதான் பெட்டி வந்து இறங்கியது. மேலே பெரிய எழுத்தில், 'உள்நாட்டுத் தயாரிப்பு'. நேற்றுவரை பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்த தொழிற்சாலை.

பெட்டியை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை. பக்கத்துக் கட்டில் தையல்காரர் போர்வையை இழுத்து ஊசி போடும் கையை மூடிக்கொண்டார்.

உள்நாட்டுத் தொலைக்காட்சி அதை உலகத் தரம் என்றது. தடை போட்ட நாட்டு வானொலி, அதைப் போட்டுக்கொண்டவர்கள் துடிதுடித்துச் செத்தார்கள் என்றது. ஆளுக்கொரு கைபேசியில் இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் இரண்டையுமே நம்பவில்லை. செய்தி என்று யார் எதைச் சொன்னாலும், அதை எழுதினவன் யார் என்று கேட்பது அவர் வழக்கம்.

"வேற ஆஸ்பத்திரில யாருக்காவது போட்டிருக்காங்களா சிஸ்டர்?"

"ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டாச்சாமே. நேத்து நியூஸ்லயே வந்துச்சே சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். "நீ போடும்மா. பூனைக்கு யாராவது மணி கட்டித்தானே ஆகணும்."

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லிவிட்டு அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. 

ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் அரைமணிக்குள் தெரிந்துவிடும் என்றாள் நர்ஸ். நெஞ்சை அடைக்கும், உடம்பு அரிக்கும், குளிர் தூக்கிப் போடும். ஆக்சிஜனைக் கட்டிலருகே உருட்டிவந்தாள். மருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்தாள். அதில் பாதியாவது அவருக்குத் தேவைப்படும் போலிருந்தது.

குழாயில் ரத்தம் ஏறியது. வெள்ளையாக இருந்த ஃபில்டர், கீழிருந்து மெல்லச் சிவந்துகொண்டே மேலே போனது.

வார்டு மூச்சை அடக்கிக்கொண்டது.

அவர் அவளுடைய இன்னொரு கையைப் பற்றியிருந்தார். நெற்றியைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார்.

திடீரென்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

"சிஸ்டர்!" என்று எழுந்தேவிட்டார்.

நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தாள். தையல்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "இந்த மனுஷனைக் கையை விடச் சொல்லு. எலும்பு நொறுங்குது."

யாரோ சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தாள், ஆனால் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

அரைமணி போனது. அடைக்கவில்லை, அரிக்கவில்லை, குளிரவில்லை. பிறகு அதைப் போல இன்னும் சில அரைமணிகள். உடம்பில் தேங்கியிருந்த நீர் இறங்க இறங்க அவளுடைய கண்கள் மெல்லத் திறந்துகொண்டன. தலையணைகளை ஒவ்வொன்றாக உருவச் சொன்னாள். கடைசியில் மல்லாந்து படுத்து, ஆழமாக ஒரு மூச்சு விட்டாள். அவரும் அப்போதுதான் விட்டார்.

"சார், எப்படி இருக்காங்க? போட்டுக்கலாமா?" தையல்காரர் பக்கத்துக் கட்டிலிலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அவர் திரும்பினார். கண்ணில் நீர் முட்டியிருந்தது. குரல் உடைந்து, பாதி காற்றாக வந்தது. "நல்லா இருக்காங்க. நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். பயப்படாம போட்டுக்கங்க."

தையல்காரர் அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு போர்வையை விலக்கிக் கையை வெளியே எடுத்தார். எதிர்க் கட்டிலில் ஒரு மகள் தன் அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டினாள். கதவோரத்துப் பெண்மணி, "சிஸ்டர், அடுத்தது எனக்கு" என்றாள்.

பெட்டிக்கு இப்போது போட்டி.

மனைவி விரலை மடக்கி அவரைக் கிட்டே அழைத்தாள். அவர் காதைக் கொடுத்தார்.

"இருபது வருஷமா தினமும் டிவில உக்காந்து நாட்டுக்கே நியூஸ் படிக்கிறீங்க" என்றாள் மெதுவாக. "இன்னிக்குத்தாங்க நாலு பேர் நம்பியிருக்காங்க."