நாலாவது யோசனை

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் ஊழியர்களின் யோசனைப் பெட்டியைத் திறப்பவர் மேனேஜர். பசை வீணாகாமல் இருக்க மெக்கானிக் எழுதிப் போட்ட யோசனையைத் தன்னுடையதாகக் காட்டி விருது வாங்கினார். நியாயம் கேட்ட மெக்கானிக்கை வேலையை விட்டே துரத்தினார். அந்த மனுஷன் நொந்துபோய் இரண்டே மாதத்தில் செத்துப்போனார்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டிக்குள் மெக்கானிக்கின் அதே சாய்வான கையெழுத்தில் ஒரு சீட்டு கிடந்தது. மேனேஜர் பயந்துபோய் அதைக் கசக்கி எறியப் பார்த்தார். ஆனால் யோசனை அருமையாக இருந்தது. அதைத் தன் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு முதலாளியிடம் கொடுத்தார். பாராட்டு கிடைத்தது. அப்புறம் வாராவாரம் சீட்டு வந்தது. பயமும் விட்டுப்போயிற்று.

நாலாவது யோசனையை முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"மேனேஜர் வேலையே நமக்குத் தேவையில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க! இதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும் சார். நாளையிலிருந்தே செஞ்சிடலாம்."

"ஐயோ சார், நான் எழுதினது கட்டிங் மெஷினைப் பத்தி!"

"இது உங்க கையெழுத்துதானே?"

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். எழுத்தும் கையொப்பமும் அவருடையவைதான். காகிதத்தின் ஓரத்தில் கறுப்பு கிரீஸில் ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. தொட்டதும் அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. இளஞ்சூடாக இருந்தது.