இன்றைக்கு ஜெபசுதா எழுந்து போவாள்

எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று வரிசைதான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் என் கொழுந்தியா, வீட்டுக்காரரின் தங்கை ஜெபசுதா, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றரை வருஷமாக அவள் சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. மனஸ்தாபம் உள்ளவர்கள் அப்பம் வாங்கக் கூடாது என்பது எங்கள் சபைப் பழக்கம். அது போதாதா? அண்ணன் பெண்டாட்டியோடு அவளுக்குப் பகை என்று சபையே முடிவு கட்டிவிட்டது.

அந்த அண்ணன் பெண்டாட்டி நான்தான்.

செல்லக்கனி டீச்சர் எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் என்னிடம் கேட்டேவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பகையுமில்லை, புகையுமில்லை, ஜெபசுதாவுக்கு நெஞ்சில் வியாதி என்று வீடு வீடாகச் சொன்னேன். எதை விழுங்கினாலும் இதயம் தறிகெட்டு ஓடும். வேலை பார்க்கிற ஹார்பர் ஆபீஸில் ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு மயங்கி விழுந்தவள் அவள். அப்பத்தை வாங்கி அங்கேயே விழுந்தால் யார் தூக்குவது?

ஒருத்தரும் நம்பவில்லை. நல்லாக் கதை விடுதா என்று சிரித்தார்கள்.

போன மாதம் மதுரையில் வைத்தியம் நடந்தது. நான்தான் கூடப் போனேன். தொடை வழியாக இதயத்துக்குள் வயரை விட்டு, முழிப்பாகவே வைத்து, ரொட்டியை விழுங்கச் சொன்னார்களாம். விழுங்கினாள். துடிப்பு எகிறியது. அது எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பொட்டு இடத்தை மட்டும் சுட்டுவிட்டார்கள்.

மறுபடியும் ரொட்டி. துடிப்பு அசையவே இல்லை. டாக்டர் ஜெஸ்லின் வெளியே வந்து சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதிலிருந்து சீலா மீன் குழம்பு, புரோட்டா, ஐஸ் போட்ட சர்பத் என்று ஆக்கிப்போட்டே என் கை ஓய்ந்துவிட்டது. அவள் விழுங்க விழுங்க நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். பேசாமல் கையை நீட்டுவாள். எதற்கும் ஒன்றுமில்லை.

இரண்டு வரிசை. செல்லக்கனி டீச்சர் அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். வரட்டும். உட்கார்ந்து நன்றாகப் பார்க்கட்டும்.

ஒரு வரிசை.

எங்கள் முறை வந்தது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஜெபசுதா காலை ஒடுக்கி எனக்கு வழி விட்டாள்.

"ஏளா, எந்திரி. ஏன் பயப்படுத? அதான் சரியாப்போச்சே," என்று குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"அது சரியாப்போச்சு மைனி. நீங்க போங்க."

அவள் முகத்தில் பயமே இல்லை.

வியாதியால்தான் போகவில்லை என்று ஊரெல்லாம் சொன்னது நான். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் திரும்ப அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த ஒன்றரை வருஷத்தில் முதல்தடவையாக, நான் உனக்கு என்ன செய்தேன் என்று அவளிடம் கேட்டேன்.