மூன்றாவது முடிவு

மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டுதான் புறத்தேர்வாளர் என் ஆய்வேட்டின் மூன்றாவது முடிவுக்கே வந்தார்.

முதல் இரண்டில் அவருக்குத் தகராறு இல்லை. உணவையும் சத்தையும் மக்கள் எந்த அளவுக்குப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது பற்றி உலகில் வெளிவந்த ஆயிரத்து எண்ணூறு கட்டுரைகளை ஏழு வருடம் உட்கார்ந்து படித்திருந்தேன். கட்டுரைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன என்பது முதல் முடிவு. வயிறு நிறைந்த நாடுகளே அதிகம் எழுதுகின்றன என்பது இரண்டாவது.

மூன்றாவதுதான் வில்லங்கம். படித்தவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்துச் சத்து அட்டவணையை நன்றாகவே படிக்கிறார்கள், ஆனால் தின்பது என்ன என்று பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வாய்மொழித் தேர்வன்று தேநீரும் பிஸ்கட்டும் மாணவர் பொறுப்பு. சத்துணவுத் துறையாயிற்றே, தட்டுக்குப் பக்கத்தில் காலிப் பாக்கெட்டையும் அட்டவணை மேலே தெரியும்படி வைத்தாக வேண்டும்.

காலை அவசரத்தில் பாக்கெட்டைப் பையில் போட்டுக் கொடுத்தது என் வீட்டுக்காரர். பிரித்து அடுக்கியது அலுவலக உதவியாளர் அண்ணன். அடுக்கி முடித்ததும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். இருந்த பதற்றத்தில் ஏன் என்று நான் கேட்கவில்லை.

தேர்வாளர் அட்டவணை படிப்பது எப்படி என்று பாடப்புத்தகமே எழுதியவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். புரதம் இருபத்து நான்கு, நார்ச்சத்து நான்கு, சர்க்கரை இல்லவே இல்லை. மனிதர் அசந்துபோனார். கைப்பேசியில் அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டார்.

சர்க்கரை நோயுள்ள துறைத்தலைவர் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். என் நெறியாளர் அம்மா, கொஞ்சம் உப்பு தூக்கலாக இருந்திருக்கலாம் என்றார்.

தேநீர்க் கோப்பையை நகர்த்தியபோது பாக்கெட் என் பக்கமாகப் புரண்டது. முன்பக்கத்தைப் பார்த்தேன். சட்டென்று கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, படிச்சவங்க என்ன சாப்பிடறோம்னே பார்க்கிறதில்லைன்னு பொத்தாம்பொதுவா எழுதியிருக்கீங்களே, இதுக்கு ஆதாரம் எங்க?” என்றார் தேர்வாளர், மென்றபடியே.

ஆதாரம் அவர் கடைவாயில் இருந்தது.

நான் கையை எடுத்தால் போதும், நிரூபணம் முடிந்தது. கூடவே பட்டமும் முடிந்தது. இந்த மாதத்துக்குள் பட்டம் வராவிட்டால் கல்லூரியில் என் நாற்காலிக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். மேசைக்கடியில் நெறியாளர் அம்மா என் காலை மிதித்தார்.

“எடுத்துடறேன் சார்.”

முன்னூறு பக்கத்தில் அந்த ஒரு வரிதான் என் சொந்தச் சரக்கு. இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமல் வலது கையால் அந்த வரியை அடித்தேன். பெற்ற பிள்ளையைக் கிள்ளியதுபோல் வலித்தது.

தேர்வாளர் பெரிய மனது பண்ணிக் கையெழுத்துப் போட்டார். ரயிலில் கொறிக்க ஆகும் என்று மிச்சப் பிஸ்கட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள். அறையில் நானும் பாக்கெட்டும் மட்டும் மிஞ்சினோம். என் வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது, வீட்டில் இருந்த இரண்டு பாக்கெட்டும் ஒரே நிறம். மெதுவாகத் திருப்பினேன்.

முன்பக்கம் முழுக்க ஒரு பழுப்பு நாய், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.