ஆறாம் நம்பர் வீட்டு ராஜாமணி

“இந்த வீட்டுல நீ யாருடி?” என்று பள்ளிச் சுற்றுலாவில் வந்த என் பழைய தோழி ஜெரினா ஒருமுறை கேட்டாள். “ராஜாமணி” என்றேன். “கொடுத்து வச்சவ, உனக்குப் பரீட்சையே இல்ல” என்று சிரித்தாள்.

எங்கள் மில் காலனி 1957இல் கட்டப்பட்டது. அதைப் பழமைச் சின்னமாகப் பாதுகாப்பவர்கள் சுவர்களோடு அன்றைய குடித்தனங்களையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வாடகை கிடையாது, அன்று அந்தந்த வீட்டில் இருந்தவர்களைப் போல வாழ்ந்தால் போதும். ஆறாம் நம்பர் வீட்டு ராஜாமணி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதனால் நானும் நின்றேன்.

இன்று காலை அவர்களுடைய அதிகாரி வந்து பழைய பதிவேட்டைப் புரட்டினார். “ராஜாமணி பதினாறு வயசுல இந்த வீட்ட விட்டுப் போயிருக்குதுங்க. உங்க பொண்ணுக்கும் வர்ற மாசம் பதினாறு ஆகுது. அப்புறம் இங்க ரெண்டு பேருதான் இருக்கோணும்.”

“இவ எங்கீங்க போவா?” என்றாள் அம்மா.

“அது பதிவுல இல்லீங்கம்மா. முடியாதுன்னா மூணு பேரும் காலி பண்ணிக்குங்க.”

போனால் மறுபடி பள்ளியில் சேரலாமே என்று ஒரு கணம் மகிழ்ச்சியாக இருந்தது. உடனே அழுகை வந்தது. இதில் எது ராஜாமணியுடையது, எது என்னுடையது என்று புரியவில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று அப்பாவின் முகத்தையே பார்த்தேன்.

அப்போது மில் சங்கு ஊதியது. மில் மூடி நாற்பது வருடம் ஆகிறது. ஆனாலும் சங்கு ஊதினால் அப்பா கிளம்பியாக வேண்டும். அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிப் படியிறங்கிப் போனார்.