மூன்று நாள் விசில்

மறுபடியும் விசில்.

பஞ்சை வாயில் வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மருமகள் அப்படியே எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினாள்.

"ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைம்மா."

குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். விசில்.

"ரொம்பக் குறைஞ்சிடுச்சு. கொஞ்சம் கூட்டேன்."

வாயில் பஞ்சு இருந்ததால் மாமனார் பிழைத்தார்.

அவர் நாற்பது வருஷம் கால்பந்து நடுவராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. சத்தம் போட்டுக் கூப்பிடத் தெம்பில்லை என்று பழைய விசிலையே கழுத்தில் மாட்டிக்கொண்டார். குறை சொல்லக்கூடாது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் ஊதமாட்டார். ஊதினால் காரணம் இருக்கும்.

நேற்றிலிருந்துதான் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது. நேற்று மட்டும் முப்பத்தொரு தடவை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அதுவும் இந்த டெஸ்ட் நடக்கிற நேரமாகப் பார்த்து.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்திருந்தாள். மாமனாரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"நோயாளியைப் பார்த்துக்கிறவங்க மனசும் உடம்பும் எப்படி இருக்குன்னு பார்க்கிறோம்க்கா. கார்டிசால்னு ஒரு ஹார்மோன். காலையில எழுந்ததும் ஏறும், சாயங்காலம் இறங்கிடும். ஓயாத டென்ஷன்ல இருக்கிறவங்களுக்கு அது தாறுமாறா ஆகலாம்."

"அதுக்கு ரத்தம் எடுக்கணுமா?"

"வேண்டாம், எச்சில் போதும். மூணு நாள், தினம் நாலு டியூப். நம்பர் எகிறியிருந்தா ஒரு மாசம் உதவிக்கு ஆள் அனுப்புவோம். நீங்க நிம்மதியா தூங்கலாம்."

தூங்கலாம் என்ற வார்த்தையிலேயே மருமகளுக்குக் கண் சொருகியது. சேர்ந்தாற்போல நாலு மணி நேரம் தூங்கி இரண்டு வருஷம் ஆகிறது.

ஒவ்வொரு டியூபுக்கும் அரை மணி நேரம் முன்னால் டீகூடக் குடிக்கக்கூடாது. பஞ்சை மெல்ல வேண்டும், டியூபில் துப்பி மூட வேண்டும், மணியை எழுத வேண்டும். இதற்கு நடுவில்தான் விசில். தலையணையை நகர்த்து. ஜன்னலைத் திற. ஜன்னலைச் சாத்து. பேப்பரில் ஏழாம் பக்கம்.

கணவனுக்கு போன் போட்டாள்.

"அப்பாவுக்கு வயசாச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நல்லா பொறுமையைப் பத்திப் பேசுங்க!"

அவளுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. பொறாமை. இத்தனை நாள் நர்ஸ் வந்தால் அவரைப் பார்க்கத்தான் வருவாள். இப்போது மருமகளைப் பார்க்க வருகிறாள். அது பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். கடைசி டியூபுக்கு இன்னும் அரை மணி நேரம். விசில்.

"அந்த காலண்டர் கோணலா தொங்குதும்மா."

அவ்வளவுதான். கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கிவிட்டாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா மாமா? நீங்க எல்லாம் எந்த லட்சணத்துல நடுவரா இருந்தீங்க? நியாயம்னா என்னன்னு தெரியுமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆனது. பஞ்சை மென்று டியூபை மூடினாள்.

விசில் சமையலறை டப்பாவுக்குள் போனது. அவரும் கேட்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியை மெல்லத் தட்டினார். அதுவும் பழையபடி ஒரு நாளைக்கு நாலே தடவை.

பிடுங்கினால்தான் புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து நர்ஸ் ரிசல்ட்டோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் தாளை விரித்தாள்.

"காலையில மேடு மாதிரி ஏறி இறங்கணும்க்கா. உங்களுக்கு மூணு நாளும் தட்டையா கிடக்கு. ரொம்ப நாளா ஓய்வே இல்லாதவங்க சில பேருக்கு இப்படி வரும். இதை மட்டும் வச்சு எதையும் சொல்லிட முடியாது. உங்க பி.பி., தூக்கம் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். திங்கட்கிழமை ஆள் வரும்."

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு சந்தேகம். கடைசி டியூப் மட்டும் திடீர்னு எகிறியிருக்கு. அன்னிக்கு சாயங்காலம் என்ன நடந்துச்சு?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னவென்று சொல்வாள்? படுக்கையில் கிடக்கிறவர் கழுத்திலிருந்து விசிலைப் பிடுங்கியதைச் சொல்வதா?

"ஃபவுல் என்னோடது, சிஸ்டர்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த ரிசல்ட் செல்லாதுன்னா ரத்து பண்ணிடுங்க. நாற்பது வருஷத்துல ஒரு பொய் விசில் ஊதினதில்லை. அந்த மூணு நாள் ஊதினது அத்தனையும் பொய்."

"எதுக்கு ஐயா?"

"நம்பர் எகிறினா ஆள் வரும், இந்தப் பொண்ணு தூங்கலாம்னு நீங்க சொன்னப்போ, நான் முழிச்சுக்கிட்டுதாம்மா இருந்தேன்."