வேலியோரத்தில் ஒரு வரிசை

"உன்னைத் தவிர வேற யாராவது வேலை செய்றாங்களா?"

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ரோண்டா.

எதிரே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் எல்டன். அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுகிறவன். அவன் பூட்ஸிலிருந்து உதிர்ந்த புல், கதவிலிருந்து நாற்காலி வரை கோடு போட்டிருந்தது. ரோண்டா அதைக் கவனிக்காமல் இருப்பாளா?

வெள்ளிக்கிழமைக்குள் இன்சூரன்ஸ் சான்றிதழ் காட்டினால், பள்ளிக்கூட மைதானங்களில் புல் வெட்டும் வேலை அவனுக்கு. அது கிடைத்துவிட்டால் இப்போது பார்க்கும் இறைச்சித் தொழிற்சாலை நைட் ஷிப்டுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். அதனால் கல் தெறித்துக் கண்ணாடி உடைந்ததுண்டா, களைக்கு மருந்து அடிப்பாயா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னான். இதற்கு மட்டும் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒருத்தர் இருக்கார் மேடம். வியாழக்கிழமை மட்டும். ஒரே ஒரு வீட்ல."

"அவரையும் சேர்த்தா பிரீமியம் ஏறும். தெரியும்ல?"

"ஏறட்டும் மேடம்."

"சம்பளம்?"

"சம்பளம் எதுவும் இல்லைங்க."

ரோண்டாவின் விரல்கள் நின்றன. "வயசு?"

"எண்பதைத் தாண்டிட்டார்."

நாற்காலி முழுசாக அவன் பக்கம் திரும்பியது.

"எண்பது வயசு மனுஷனை வெயில்ல நிறுத்தி ஓசியில வேலை வாங்கறியா? இதுக்கு இன்சூரன்ஸ் வேற கேக்குதா உனக்கு? வெட்கமா இல்ல?"

"ஓசி இல்ல மேடம். அவர்தான் எனக்குக் காசு குடுக்கிறார்."

"என்னது?"

"அவர் வீட்டுப் புல்தாங்க அது. இனிமே மெஷினைத் தொடக் கூடாதுன்னு அவர் பொண்ணு கண்டிச்சுச் சொல்லிட்டாங்களாம். அதான் என்னைக் கூப்பிட்டார். நான் வெட்டறப்போ ஜன்னலை விட்டு நகர மாட்டார். கோணலாப் போறேன்னு கண்ணாடியைத் தட்டித் தட்டி உயிரை எடுப்பார்."

ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊர்க் கிழவர்கள் சாப்பாட்டை விட்டாலும் விடுவார்கள், புல்லை விட மாட்டார்கள். எல்லார் வீட்டிலும் இதே கூத்துதான்.

"அப்புறம்?"

"ஒரு நாள் பூட்ஸை மாட்டிக்கிட்டு வெளியே வந்துட்டார். 'ஒரே ஒரு வரிசைடா, வேலியோரமா'ன்னு கெஞ்சினார். எனக்கு மனசு கேக்கல. நடந்துக்கிட்டே தள்ற சின்ன மெஷின்தான், கைப்பிடியை விட்டா நின்னுடும். பின்னாடியே நானும் நடப்பேன். முடிச்சதும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து நிப்பார். கார்ல போறவங்க கையை ஆட்டினா போதும், அன்னிக்கு அவரைப் பிடிக்க முடியாது!"

"அவர் வீடு, அவர் புல். இதை நீ சொல்லாமலே விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"மெஷின் என்னுது மேடம். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிச் செலவு அவர் பொண்ணு தலையில விழக் கூடாது. அவருக்கும் சேர்த்து எழுத முடிஞ்சா எழுதுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் பள்ளிக்கூட வேலையை விட்டுடறேன். அவர்கிட்டருந்து அந்த ஒரு வரிசையைப் பிடுங்க என்னால ஆகாது."

ரோண்டா அவனையே பார்த்தாள். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதை மறைத்தால் பிரீமியம் குறையும் என்று கணக்குப் போடுகிறவர்களையே பார்த்துச் சலித்தவள். கூடுதலாகக் கட்டுகிறேன் என்று தானாக ஒருவன் வந்து நின்றது இதுதான் முதல் தடவை. அவனை நினைக்கப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் முன்னால் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்றும் இருந்தது.

"உதவியாளர்னு போட்டு அவரையும் சேர்க்கலாம். நான் எழுதித் தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். அந்தப் பொண்ணுக்கு விஷயம் தெரியணும். அவ சம்மதிக்கணும்."

எல்டனின் முகம் தொங்கிப்போனது. "பொண்ணுகிட்ட மூச்சு விட மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மேடம்."

"என்ன பொண்ணு அவ! தொடாதேன்னு அதட்டத் தெரியுது, அப்பா பகல் பூரா என்ன பண்றார்னு ஒரு நடை போய்ப் பார்க்கத் தெரியல. வேலை வேலைன்னு ஓடிக்கிட்டிருப்பா, வேறென்ன!"

"திட்டாதீங்க மேடம். ரொம்ப நல்லவங்க. அவங்களைப் பத்தி அவர் வாய் ஓயாமப் பெருமை பேசுவார்."

"நல்லவளா இருந்தா கேட்டுக்கட்டும். நம்பரைக் குடு, இப்பவே நானே நாலு வார்த்தை கேக்கறேன்!" போனைக் கையில் எடுத்துவிட்டாள் ரோண்டா.

எல்டன் எழுந்து நின்றான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"போன் வேண்டாம் மேடம். பொண்ணுகிட்ட சொல்லக் கூடாது, இன்சூரன்ஸ் ஏஜென்டுகிட்ட மறைக்கக் கூடாது. நான் என்னதான் பண்ணுவேன்? நம்ம ஊர்ல ரெண்டுமே நீங்க ஒருத்தர்தானே!"